ஆற்றின் சுமையை அளந்தவர்



வீடு கட்டும் இடத்தில் மணலைக் குவித்து வைத்திருப்பார்களே, அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் தனக்கென்று ஒரு சிறு வாய்க்காலை வெட்டிக்கொண்டு கீழே ஓடும். ஓடும்போது மணலையும் இழுத்துக்கொண்டு போகும். குவியலின் அடிவாரத்துக்கு வந்ததும் வேகம் குறைந்துவிடும். அங்கே மணலை விசிறி போலப் பரப்பி இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் நகர்ந்துவிடும். ஊற்றும் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகும்? குவியலைச் செங்குத்தாக்கினால் என்ன ஆகும்? மணலோடு கூழாங்கற்களைக் கலந்துவிட்டால்?

விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி, அறுபத்து நான்கு வயதில் மரத்தொட்டி செய்து, அதில் மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். அவர் பெயர் குரோவ் கார்ல் கில்பர்ட். அமெரிக்காவின் பெரிய நிலவியல் அறிஞர்களில் ஒருவர். நிலத்தின் மேடும் பள்ளமும் எப்படி உருவாகின்றன என்று ஆராயும் படிப்புக்குப் புவிப்புறவியல் என்று பெயர். அதில் ஆறுகளைப் பற்றிய பகுதிக்கு அடித்தளம் போட்டவர்களில் இவர் முக்கியமானவர்.

கில்பர்ட் 1843-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள ரோச்செஸ்டர் நகரில் பிறந்தார். அப்பா ஓவியர். மனிதர்களின் உருவத்தை வரைந்து கொடுத்துக் குடும்பம் நடத்தினார். யாரிடமும் பயிலாமல் தானாகவே ஓவியம் கற்றவர். வீட்டில் பணம் எப்போதும் பற்றாக்குறைதான். கில்பர்ட்டுக்கும் சிறு வயதிலிருந்தே உடம்பு அவ்வளவாகத் தேறவில்லை. ஆனால் படிப்பில் கெட்டி. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாம் படித்தார். பிற்காலத்தில் நிலவியலில் உலகப் புகழ் பெற்ற இவர், கல்லூரியில் நிலவியலைக் கொஞ்சம்தான் படித்தார் என்றால் நம்புவீர்களா?

1862-இல் பட்டம் பெற்றதும் மிச்சிகன் மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர் வேலை கிடைத்தது. போனார். ஆனால் அந்த வகுப்புப் பையன்கள் பொல்லாதவர்கள். ஒல்லியான, அதட்டத் தெரியாத அந்த இளம் ஆசிரியரை அவர்கள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் கில்பர்ட் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் இரக்கமும் வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து முதன்முதலில் ஐந்தாம் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது, கரும்பலகைப் பக்கம் திரும்பிய உடனே பின்னால் கிளம்பிய கூச்சலில் என் கையிலிருந்த சாக்பீஸ் உடைந்து விழுந்தது. எனக்கு வேறு வேலை தெரியாது; ஆகவே அங்கேயே நின்றுவிட்டேன்! கில்பர்ட் நல்ல வேளையாக நிற்கவில்லை.

ரோச்செஸ்டரில் வார்டு என்ற பேராசிரியர் ஒரு கூடம் வைத்திருந்தார். உலகம் முழுவதிலுமிருந்து பாறைகள், தாதுக்கள், எலும்புகள், சிப்பிகள் அங்கே வந்து குவியும். அவற்றைப் பிரித்து, பெயர் எழுதி ஒட்டி, பள்ளி, கல்லூரிகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்பார்கள். கில்பர்ட் அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் கற்களோடு கற்களாகக் கிடந்தார். அதுதான் அவருடைய உண்மையான கல்லூரி.

1866-இல் ஒரு வேடிக்கை நடந்தது. மோஹாக் என்ற ஆற்றில், கோஹோஸ் அருவிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் ஆழமான ஒரு குழி. குழிக்குள் யானையைப் போன்ற, ஆனால் மறைந்துபோன ஒரு விலங்கின் எலும்புகள். மாஸ்டடோன் என்று அதற்குப் பெயர். எலும்புகளை எடுத்துச் சேர்த்து நிறுத்தும் வேலைக்குக் கில்பர்ட்டும் போனார். மற்றவர்கள் எல்லாம் எலும்பைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இவர் குழியைப் பார்த்தார். பாறையில் இவ்வளவு உருண்டையாக ஒரு குழியை யார் வெட்டியது? ஆறுதான். சுழலும் தண்ணீர், கூழாங்கற்களை உள்ளே போட்டு ஆட்டுக்கல்லில் மாவு அரைப்பது போல அரைத்து அரைத்துக் குடைந்திருக்கிறது. அந்தப் பகுதியில் இருந்த குழிகளை எல்லாம் எண்ணிக் குறித்துக்கொண்டார். பள்ளத்தாக்கின் சுவரில் முளைத்திருந்த மரங்களின் வயதை ஆண்டு வளையங்களை வைத்துக் கணக்கிட்டார். மரத்தின் வயதைக் கொண்டு பாறை எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்று தெரியும். அதைக் கொண்டு அருவி பின்வாங்கிப் பின்வாங்கி இன்றைய இடத்துக்கு வர எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டார். பல்லாயிரம் ஆண்டுகள் என்று விடை வந்தது. அன்றிலிருந்து கல்லின் மேல் இருந்த ஆசை, கல்லைச் செதுக்கும் தண்ணீரின் மேல் திரும்பிவிட்டது.

அமெரிக்காவின் மேற்குப் பகுதி அந்தக் காலத்தில் சரியாக வரைபடத்தில் ஏறாத பூமி. அரசாங்கம் அங்கே ஆய்வுக் குழுக்களை அனுப்பியது. 1871-இல் லெப்டினன்ட் வீலர் என்ற ராணுவ அதிகாரியின் குழுவில் கில்பர்ட் நிலவியலாளராகச் சேர்ந்தார். கொலராடோ ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்து, பெரும் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனுக்குள் படகில் போக வேண்டும் என்று வீலர் கட்டளையிட்டார். துடுப்புப் போட்டால் படகு நகராது. கரையில் இறங்கிக் கயிறு கட்டி, பாறைகளின் மேல் தாவித் தாவி இழுத்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் இப்படியே. உணவு குறைந்துகொண்டே வந்தது. கில்பர்ட் பொறுப்பில் இருந்த படகுக்கு டிரைலோபைட் என்று பெயர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து, கல்லாகிப்போன ஒரு சிறு உயிரினத்தின் பெயர் அது. நிலவியலாளருக்கு ஏற்ற படகுதான்!

இந்தப் பயணம் வீண் என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கயிறு பிடித்து ஓர் ஆற்றை எதிர்த்து இழுத்தவனுக்கு அந்த ஆற்றின் பலம் கைத்தசையிலேயே தெரிந்திருக்கும் அல்லவா?

பின்னர், கொலராடோ ஆற்றில் முதன்முதலாகப் பயணம் செய்து புகழ் பெற்ற ஜான் வெஸ்லி பவல் என்பவரோடு சேர்ந்தார். போரில் ஒரு கையை இழந்தவர் பவல். இருவரும் கடைசி வரை இணைபிரியாத நண்பர்கள். பவலுக்காகக் கில்பர்ட் 1875-இலும் 1876-இலும் யூட்டா பகுதியில் ஹென்றி மலைகள் என்ற தனித்த மலைக்கூட்டத்தை ஆராய்ந்தார். 1877-இல் வெளிவந்த அந்த அறிக்கையில் ஒரு அத்தியாயம், ஆறு எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றியது. இன்றும் கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அதில் அவர் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஆற்றைச் சுமை தூக்கும் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சரிவும் தண்ணீரின் அளவும் அவன் பலம். மணலும் கல்லும் அவன் தலைச்சுமை. பலத்துக்குக் குறைவான சுமை இருந்தால், மிச்சப் பலத்தால் தரையைத் தோண்டி இன்னும் எடுத்துக்கொள்வான். பலத்துக்கு மீறிச் சுமையை ஏற்றினால், ஏற்றியதில் ஒரு பகுதியை அங்கேயே இறக்கி வைப்பான். இறக்கி வைக்க வைக்கத் தரை உயரும்; சரிவு மாறும்; மறுபடி ஒரு சமநிலை வரும். ஓரிடத்தில் நாம் செய்யும் மாற்றம் ஆற்றின் மேலேயும் கீழேயும் எங்கெங்கோ போய் எதிரொலிப்பது இதனால்தான். அணை கட்டினால் கீழே ஏன் படுகை அரிக்கிறது, அளவுக்கு மீறி மணல் அள்ளினால் பாலத்தின் தூண் ஏன் வெளியே தெரிகிறது என்று கேட்டால் இந்தச் சுமைக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவர் செய்த மற்ற வேலைகளை எல்லாம் சொல்லப் பக்கம் போதாது. யூட்டாவில் இன்று பெரிய உப்பு ஏரி இருக்கும் இடத்தில், பழங்காலத்தில் முந்நூறு மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு மாபெரும் ஏரி இருந்ததை, மலைச்சரிவுகளில் படிக்கட்டுப் போலத் தெரியும் பழைய கரைக்கோடுகளைப் பின்தொடர்ந்து நிரூபித்தார். அந்தக் கோடுகள் நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தன. ஏன்? தண்ணீரின் எடை போனதும், அழுந்தியிருந்த பூமி மெல்ல மேலே எழும்பிவிட்டது! இந்தப் பெரிய நூல் 1890-இல் வெளிவந்தது.

தவறே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அரிசோனா பாலைவனத்தில் ஒரு மாபெரும் பள்ளம் இருக்கிறது. விண்ணிலிருந்து இரும்புக்கல் விழுந்து ஏற்பட்டதா என்று பார்க்க 1891-இல் போனார். கல் உள்ளே புதைந்திருந்தால் காந்த ஊசி விலக வேண்டும், விலகவில்லை. விளிம்பில் குவிந்த மண், பள்ளத்தின் அளவைவிட அதிகமாக இருக்க வேண்டும், இல்லை. எனவே நிலத்தடி நீராவி வெடித்த பள்ளம் என்று முடிவு சொன்னார். அது தவறு. விழுந்தது விண்கல்தான், மோதிய வேகத்தில் அதில் பெரும்பகுதி ஆவியாகியும் சிதறியும் போய்விட்டது என்று பிற்காலத்தில் தெரிந்தது. சோதனையை இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்திருந்ததால்தான், தவறு எந்தப் படியில் நேர்ந்தது என்று நம்மால் சுட்டிக்காட்ட முடிகிறது.

வீட்டில் துக்கமும் இருந்தது. 1883-இல் அவருடைய சின்ன மகள் பெஸ்ஸி தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனாள். அந்த நோய்க்குத்தான் இன்று குழந்தைப் பருவத்திலேயே நமக்கு ஊசி போட்டுவிடுகிறார்கள். மனைவியின் உடல்நிலையும் கெட்டது. இரண்டு மகன்களை வளர்த்துக்கொண்டு, அலுவலகத்தில் மற்றவர்களின் அறிக்கைகளைத் திருத்திக்கொண்டு, பல ஆண்டுகள் ஊர் சுற்றாமல் தலைநகர் வாஷிங்டனிலேயே காலம் கழித்தார்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை. இது ஒரு சண்டையின் கதை.

கலிபோர்னியாவில் 1848 ஜனவரியில் தங்கம் கிடைத்தது. உலகம் முழுவதிலுமிருந்து கூட்டம் கூடியது. முதலில் ஆற்று மணலைத் தட்டில் அலசித் தங்கம் எடுத்தார்கள். அது தீர்ந்ததும், மலைகளில் பழங்கால ஆறுகள் விட்டுச்சென்ற சரளை மண்ணில் தங்கம் இருப்பதைக் கண்டார்கள். மலையை எப்படித் தோண்டுவது? 1853-இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உயரத்திலிருந்து கால்வாயிலும் குழாயிலும் தண்ணீரைக் கொண்டுவந்து, பீரங்கி போன்ற இரும்புக் குழாய் வழியாக மலையின் மேல் பீய்ச்சி அடித்தார்கள். மலை கரைந்து சேறாக ஓடியது. அந்தச் சேற்றை நீண்ட மரப் பெட்டிக் கால்வாய்களில் ஓட விட்டு, அடியில் பாதரசம் வைத்துத் தங்கத்தைப் பிடித்தார்கள். மீதி? ஒரு பிடி தங்கத்துக்காகக் கரைத்த மலை முழுவதும் ஆற்றில்!

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்றால், தொலைபேசி கண்டுபிடித்து இரண்டே ஆண்டுகளில், 1878-இல், மலை மேலிருந்த நீர்த்தேக்கங்களோடு பேசுவதற்காகச் சுரங்கக்காரர்கள் காடு முழுவதும் தொலைபேசிக் கம்பி இழுத்துவிட்டார்கள்.

கீழே சமவெளியில் விவசாயிகள் இருந்தார்கள். யூபா ஆறும் ஃபெதர் ஆறும் சேரும் இடத்தில் மேரிஸ்வில் என்ற ஊர். ஆண்டுதோறும் மணலும் சரளையும் வந்து இறங்க, ஆற்றின் தரை உயர்ந்துகொண்டே போனது. சுமை தூக்கும் தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். மலையில் செங்குத்தான சரிவு, நிறையச் சுமை. சமவெளிக்கு வந்ததும் சரிவு இல்லை, பலம் இல்லை, இறக்கி வைத்துவிட்டான். ஊரார் கரையை உயர்த்தினார்கள். ஆறு அதைவிட உயர்ந்தது. கடைசியில் ஆற்றின் தரை ஊர்த் தெருக்களைவிட மேலே போய்விட்டது! 1875-இல் கரை உடைந்து ஊருக்குள் வெள்ளமும் சேறும் புகுந்தது. பழத்தோட்டங்கள் சரளைக்கு அடியில் புதைந்தன.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சுரங்கக்காரர்கள் பணபலம் உள்ளவர்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுப்பவர்கள். இருந்தாலும் 1884 ஜனவரியில் நீதிபதி சாயர், மண்ணை ஆற்றில் விடக் கூடாது என்று தீர்ப்பளித்தார். சுற்றுச்சூழலைக் காக்க அமெரிக்காவில் வந்த மிகப் பழைய பெரிய தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

சண்டை அதோடு முடியவில்லை. இருபது ஆண்டுகள் கழித்துச் சுரங்கக்காரர்கள் அரசாங்கத்திடம் மறுபடி போனார்கள். தங்கள் தொழிலால் உண்மையில் எவ்வளவு கெடுதல், தடுப்பணை கட்டிவிட்டு மறுபடி தொடங்க முடியாதா என்று ஆராய வேண்டும் என்றார்கள். யாரை அனுப்புவது? இரு தரப்பும் நம்பக்கூடிய ஆள் வேண்டும். 1905-இல், அறுபத்திரண்டு வயதான கில்பர்ட்டிடம் இந்த வேலை வந்தது.

அவர் வந்த அடுத்த ஆண்டே ஒரு எதிர்பாராத இடையூறு. 1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சான்பிரான்சிஸ்கோவைத் தரைமட்டமாக்கிய பெரிய நிலநடுக்கம். கில்பர்ட் வளைகுடாவின் மறுகரையில் பெர்க்லியில் தூங்கிக்கொண்டிருந்தார். அதற்கு முன் பல நிலநடுக்கங்கள் அவர் போய்ச் சேர்வதற்குள் நடந்து முடிந்துவிட்டன என்ற குறை அவருக்கு இருந்ததாம். விழித்ததும் ஓடவில்லை. விளக்கு எந்தத் திசையில் ஆடுகிறது என்று கவனித்தார்! பிறகு பல மாதங்கள் அந்த ஆய்வில் போயின. ஓரிடத்தில் நேராகப் போன சாலை நடுவில் வெட்டுப்பட்டு ஏறக்குறைய 20 அடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றதைப் படம் பிடித்தார்.

திரும்ப ஆற்றுக்கு வந்தார். முதலில், எவ்வளவு மண் வந்தது என்று தெரிய வேண்டும். ஆற்றில் போய் அளக்க முடியாது. அது வழியெங்கும் பரவிப் போய்விட்டது. ஆகவே மண் போன இடத்தை விட்டு, மண் எடுத்த இடத்துக்குப் போனார். மலையில் கரைக்கப்பட்ட பள்ளங்களை அளந்தார். பழைய மதிப்பீடுகள் எல்லாம் குறைவு என்று தெரிந்தது. பீய்ச்சி அடித்துக் கரைத்த மண் மட்டும் 150 கோடி கன கஜத்துக்கும் அதிகம் என்று கணக்கு வந்தது. பனாமா கால்வாய்க்குத் தோண்டிய மண்ணைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு!

அடுத்த கேள்வி: இந்தச் சுமையை ஆறு எவ்வளவு காலத்தில் தூக்கிக்கொண்டு போகும்? அதற்கு விதி தெரிய வேண்டும். அன்று யாரிடமும் சரியான விதி இல்லை. அதனால்தான் 1907-இல் பெர்க்லி பல்கலைக்கழக வளாகத்தில், திறந்தவெளியில் அந்த மரத்தொட்டி எழுந்தது. நீளம் சுமார் 30 அடி. பிறகு 150 அடியில் இன்னொன்று. பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே மணல் நகர்வதைப் பார்த்தார்கள். மர்ஃபி என்ற உதவியாளர் கூட இருந்தார். மணலைச் சல்லடைகளில் சலித்து அளவு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தார்கள். சரிவை மாற்றி, தண்ணீரை மாற்றி, அகலத்தை மாற்றி, நூற்றுக்கணக்கான தடவை.

கண்டது என்ன? மணல் உருண்டு மட்டும் போவதில்லை. தத்தித் தத்தித் தவளை போலக் குதித்தும் போகிறது. தரையில் சிறு மணல்மேடுகள் உண்டாகி நீரோட்டத்தோடு நகர்கின்றன. தண்ணீர் மிக வேகமானால் நடப்பது வேடிக்கை. மணல் துகள்கள் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருக்க, மேடுகளின் உருவம் மட்டும் மேல்நோக்கி, நீரோட்டத்துக்கு எதிராக நகர்கிறது! அந்த மேடுகளுக்குக் கில்பர்ட் வைத்த பெயரைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று: பருமணலோடு நுண்மணலைக் கலந்தால் சுமை கூடி ஆறு திணறும் என்றுதானே நினைப்போம்? மாறாக, பருமணல் முன்னைவிட எளிதாக நகர்ந்தது. நுண்மணல் இடுக்குகளை நிரப்பித் தரையை வழவழப்பாக்கிவிடுகிறது.

நடுவில் கில்பர்ட்டுக்கு உடல்நலம் கெட்டது. மர்ஃபி சோதனைகளைத் தொடர்ந்தார். 1914-இல் முடிவுகள் புத்தகமாக வந்தன. அந்த எண்கள் எவ்வளவு நம்பகமானவை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட், ஆற்று மணல் நகர்வை ஆராய்ந்தவர். 1942-இல் அவர் தம் சூத்திரத்தைச் சரிபார்க்கக் கில்பர்ட்டின் மரத்தொட்டி எண்களையும் எடுத்துக்கொண்டார். பிறகு அதே பெர்க்லியில் பேராசிரியராகவும் ஆனார்.

1917-இல் இறுதி அறிக்கை வெளிவந்தது. சேறு ஒரு பெரிய அலையைப் போல ஆற்றில் மெல்ல மெல்ல இறங்கிப் போகிறது, வெள்ளம் வந்து வடிவது போலவே படுகையும் உயர்ந்து, பல ஆண்டுகள் கழித்துத் தாழும் என்று காட்டினார். ஆனால் மிகப் பெரிய செய்தி, யாரும் எதிர்பாராத இடத்தில் இருந்தது. கடல் வாயில்!

சான்பிரான்சிஸ்கோ வளைகுடா, பெரிய பை மாதிரி. அதன் வாய் குறுகலான கோல்டன் கேட் நீர்வழி. ஒவ்வொரு ஓதத்தின்போதும் கடல்நீர் வாய் வழியாக உள்ளே போய் வெளியே வருகிறது. அந்த வேகம்தான் வாயைத் தூர்ந்துபோகாமல் வைத்திருக்கிறது. வெளியே ஒரு மணல்திட்டு இருக்கிறது. ஓதத்தின் வேகம் குறைந்தால் திட்டு நெருங்கி வந்து உயரும், கப்பல்களுக்கு ஆபத்து. சேறு வந்து பையை நிரப்ப நிரப்ப, உள்ளே போகும் தண்ணீர் குறையும். ஆக, நூற்றைம்பது மைல் தொலைவில் மலையைக் கரைப்பவன், துறைமுகத்தின் வாயை அடைக்கிறான்.

சுரங்கக்காரர்களுக்கு இது கசந்திருக்கும். ஆனால் விவசாயிகளுக்கும் அவர் இனிப்புத் தரவில்லை. வளைகுடா ஓரத்துச் சதுப்பு நிலங்களைக் கரை கட்டி அடைத்து வயலாக்குவதும் ஓதநீரின் இடத்தைப் பிடுங்குவதுதான் என்று எழுதினார். உழவும் மேய்ச்சலும் சாலைகளும் மண்ணைக் கரைப்பதையும் கணக்கில் சேர்த்தார். யார் கேட்டார்களோ அவர்களுக்குச் சாதகமாக ஒரு எண்ணைக்கூட வளைக்கவில்லை. பணம் கொழித்த ஒரு தொழிலுக்கும் ஊர்களுக்கும் நடுவில் நின்று இதைச் செய்வது லேசான காரியமா, சொல்லுங்கள்?

இன்று பல நாடுகளில், அணை கட்டும் முன்பும், பழைய அணையை இடிக்கும் முன்பும், எங்கே எவ்வளவு மணல் எடுக்கலாம் என்று முடிவு செய்யும் முன்பும் ஆற்றின் உருவத்தை அறிந்த நிபுணர்களை அழைக்கிறார்கள். முழங்கால் வரை தண்ணீரில் நின்று, கையில் அளவுகோலோடு கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து எழுதும் வேலை அது. படுகையின் சரிவு, கரையின் மண், பழைய வரைபடத்தில் ஆறு ஓடிய தடம் எல்லாவற்றையும் ஒப்பிடுவார்கள்.

யூபா ஆற்றிலேயே அவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. சேற்றைத் தடுப்பதற்காக 1941-இல் அங்கே எங்கிள்பிரைட் என்ற உயரமான அணை கட்டினார்கள். சேற்றைத் தடுத்தது, கூடவே, முட்டையிட மேலே போகும் சால்மன் மீன்களையும் தடுத்துவிட்டது. கில்பர்ட் நினைத்ததுபோல அலை ஒரே சீராக வடிந்துவிடவில்லை. கரையோரங்களில் தங்கிய பழைய சேறு பெருவெள்ளம் வரும்போதெல்லாம் கரைந்து வருகிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். அதில் அன்றைய பாதரசமும் கலந்திருக்கிறது. வளைகுடா மீன்களில் இன்றும் அது காணப்படுகிறது. கில்பர்ட் மண்ணைத்தான் அளந்தார், பாதரசத்தை அளக்கவில்லை.

இன்னொரு திருப்பத்தையும் கேளுங்கள். 1999-இல் வளைகுடாவின் தண்ணீர் திடீரென்று தெளிந்தது. மிதந்து வரும் வண்டல் குறைந்துபோனது. அடடா, நல்லதுதானே என்கிறீர்களா? கரை கட்டி அடைத்த சதுப்பு நிலங்களை இப்போது மறுபடி ஓதத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். கடல் மட்டமும் உயர்கிறது. சதுப்பு நிலம் மூழ்காமல் வளர வண்டல் வேண்டும். ஒரு காலத்தில் வேண்டாம் வேண்டாம் என்று வழக்குப் போட்ட அதே வண்டலை, எங்கிருந்து கொண்டுவரலாம் என்று தேடுகிறார்கள்!

கில்பர்ட் அறிக்கையை முடித்த பிறகும் ஓயவில்லை. இளமையில் மேற்கு மலைகளைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்தை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று எழுபத்து நான்கு வயதிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1918 மே 1-ஆம் தேதி, எழுபத்தைந்தாவது பிறந்த நாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, சகோதரியின் வீட்டில் காலமானார். முடிக்காமல் விட்ட அந்தக் கையெழுத்துப் பிரதி 1928-இல் அச்சாகி வந்தது.

சகோதரியின் வீடு எந்த ஊரில் இருந்தது தெரியுமா? மிச்சிகனில் உள்ள ஜாக்சன். அடங்காத பையன்களுக்குப் பயந்து, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வந்தாரே, அதே ஊர்.